எந்தக் கம்பெனி ஸ்கீ முதலிடம்? ஏற்காட்டு வளைவுகளை வைத்து ஒரு விளக்கம்

பந்தயக் கோட்டைத் தாண்டி வந்தவர் இன்னும் மூச்சு வாங்கி முடிக்கவில்லை. அதற்குள் குனிந்து காலிலிருந்த ஸ்கீயைக் கழற்றி, அடிப்பக்கத்தில் பெரிதாக எழுதியிருக்கும் கம்பெனி பெயர் கேமராவுக்குத் தெரிகிற மாதிரி முகத்தோடு சேர்த்து நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். ஆஸ்திரியாவின் ஷ்லாட்மிங்கில் ஜனவரி மாதம் விளக்கு வெளிச்சத்தில் நடக்கும் பனிச்சறுக்குப் பந்தயம் அது. அங்கே இரவு என்றால் சேலத்தில் நமக்கு நடுநிசி தாண்டிவிடும். அக்கா மகனும் என்னோடு விழித்திருந்து பார்த்தான். மறுநாள் ஏற்காட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டான்: "மாமா, அப்போ எந்தக் கம்பெனி ஸ்கீதான் பெஸ்ட்?"

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஆனால் ஒரு பெயரைச் சொல்லி முடித்துவிடக்கூடிய கேள்வி இல்லை. அடிவாரத்தில் தொடங்கி 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் நான் அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். பனியையே பார்க்காதவர்களுக்கும் புரியும்.

முதலில் அந்த மலைப்பாதையையே எடுத்துக்கொள்வோம். ஏற்காட்டிலிருந்து இரண்டு பஸ்கள் இறங்குகின்றன. ஒன்று அடிவாரத்துக்கு ஒரு நிமிடம் முன்னால் வந்துவிட்டது. உடனே "அந்த பஸ்ஸின் டயர் கம்பெனிதான் சிறந்தது" என்று யாராவது சொல்வோமா? டிரைவர் யார், எத்தனை வருஷமாக இந்த ரூட்டில் ஓட்டுகிறார், பஸ்ஸில் எவ்வளவு பாரம், மழை பெய்த ரோடா காய்ந்த ரோடா என்று பார்ப்போம். டயருக்கும் அதில் பங்கு உண்டு, சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பங்கை மட்டும் தனியாகப் பிரித்தெடுப்பதுதான் கஷ்டம். ஸ்கீ கம்பெனிகளை ஒப்பிடும்போதும் சிக்கல் இதே இடத்தில்தான்.

சரி, ஸ்கீ என்பது என்ன? காலணியோடு பூட்டிக்கொள்ளும் நீண்ட பட்டை. மேலிருந்து பார்த்தால் அது நேர்கோடாக இருக்காது. உடுக்கையை இழுத்து நீட்டியது போல முன்னும் பின்னும் அகலமாகவும் நடுவில் ஒடுங்கியும் இருக்கும். அந்த இடுப்புதான் விஷயமே. வீரர் உடம்பைச் சாய்த்து ஸ்கீயை அதன் விளிம்பில் நிறுத்தி அழுத்தும்போது பட்டை வளைந்து பனியில் ஒரு வில்லைப் போலப் பதியும். பிறகு அந்த வில்லின் வழியிலேயே ஓடும். விளிம்பின் வளைவை முழு வட்டமாக நீட்டிப் பார்த்தால் கிடைக்கிற ஆரம்தான் அந்த ஸ்கீயின் ஆரம். ஆரம் சிறியதாக இருந்தால் சட்டென்று திரும்பும். பெரியதாக இருந்தால் திரும்ப அடம்பிடிக்கும், ஆனால் வேகத்தில் நடுங்காமல் நிற்கும்.

மலைச்சரிவில் கீழ்நோக்கி இறங்கும் ஆல்பைன் பந்தயத்தில் முக்கியமாக நான்கு வகை. ஸ்லாலத்தில் கம்பங்கள் நெருக்கமாக நட்டிருக்கும், படபடவென்று திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஜயன்ட் ஸ்லாலத்தில் கம்பங்களுக்கு இடையே தூரம் கூடும். நம் கொண்டை ஊசி வளைவுகளை நினைவுபடுத்துவது இதுதான். சூப்பர் ஜி இன்னும் வேகம். டவுன்ஹில் எல்லாவற்றுக்கும் மேல்: சுவிட்சர்லாந்தின் வெங்கனில் 2013-இல் பிரான்ஸ் வீரர் ஜோஹன் க்ளாரே மணிக்கு 161.9 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். நம் மலைப்பாதையில் பஸ் இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டு இறங்குவதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

ஒவ்வொரு வகைக்கும் ஸ்கீ வேறு. சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பு அளவுகளைக் கட்டி வைத்திருக்கிறது. ஆண்கள் ஸ்லாலத்துக்குக் குறைந்தது 165 சென்டிமீட்டர் நீளம், டவுன்ஹில்லுக்கு 218. ஜயன்ட் ஸ்லாலத்தில் ஆரம் 30 மீட்டருக்குக் குறையக் கூடாது, டவுன்ஹில்லில் 50 மீட்டருக்குக் குறையக் கூடாது. ஆகவே "நல்ல ஸ்கீ" என்று பொதுவாகச் சொல்வதில் பொருளே இல்லை. எந்த வகைக்கு நல்ல ஸ்கீ என்று கேட்க வேண்டும். ஸ்லாலத்தில் கொடிகட்டிப் பறக்கும் கம்பெனி டவுன்ஹில்லில் ஆளே இல்லாமல் இருக்கலாம்.

இந்த விதிகளால் கம்பெனிகளின் ஸ்கீக்கள் ஒன்றையொன்று நெருங்கி வந்துவிட்டன. பொருள்களும் பெரும்பாலும் ஒன்றுதான். நடுவில் மரம், அதன் மேலும் கீழும் உலோகத் தகடு, ஓரத்தில் எஃகு விளிம்பு, அடியில் மெழுகை உறிஞ்சும் பாலிஎத்திலீன். அந்த உலோகத் தகட்டுக்கு டைட்டானல் என்று பெயர். பெயரைக் கேட்டு டைட்டானியம் என்று நினைத்துவிடாதீர்கள். அது வலுவான அலுமினியக் கலவை, ஆஸ்திரியாவின் ரான்ஸ்ஹோஃபன் ஊரில் தயாராகிறது. இதைச் சொன்னபோது பஸ் சேர்வராயன் மலைச் சரிவில் ஏறிக்கொண்டிருந்தது. இந்த மலையில் பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு அனுப்பிய காலம் உண்டு. அலுமினியத்தின் தாய்க்கல் அதுதான். நம் மலை மண்ணுக்கும் ஆல்ப்ஸ் பந்தயத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஸ்கீக்குள் இருப்பது ஏதோ மாயப் பொருள் இல்லை, சேலத்துக்காரர்களுக்குப் பழக்கமான உலோகம்தான் என்பது எனக்கு சந்தோஷமாக இருக்கிறது.

பொருள் ஒன்றாக இருந்தும் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? எந்த மரம், எந்த இடத்தில் எவ்வளவு கனம், தகடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, ஸ்கீ எந்தப் பகுதியில் வளைந்து எந்தப் பகுதியில் விறைப்பாக நிற்கிறது என்பதிலிருந்துதான். ஒரே அரிசி உளுந்தில் இரண்டு வீட்டு இட்லி ஒன்றாக வருவதில்லையே, அது போல.

இப்போது ஒப்பீட்டுக்கு வருவோம். உலகக் கோப்பைத் தொடர் 1967-இல் தொடங்கியது. ஒவ்வொரு பருவத்திலும் அக்டோபரிலிருந்து மார்ச் வரை நடக்கும் பந்தயங்களில் முதலிடத்துக்கு 100 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 80, மூன்றாமிடத்துக்கு 60, அப்புறம் 50, 45, 40 என்று குறைந்துகொண்டே போய் 30-ஆவது இடத்துக்கு 1 புள்ளி. வீரர்களின் பட்டியல் இப்படித்தான் உருவாகிறது. ஒரே கம்பெனி ஸ்கீயில் ஓடும் எல்லா வீரர்களின் புள்ளிகளையும் கூட்டினால் கம்பெனிகளின் பட்டியல் கிடைத்துவிடும். பட்டியலில் முதலில் வரும் கம்பெனி அதை விளம்பரத்தில் போட்டுக்கொள்ளும்.

பார்க்க நியாயமாகத்தான் தெரிகிறது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பந்தயத்தில் மொத்தம் 718 புள்ளிகள் பங்கிடப்படுகின்றன. கற்பனையாக இரண்டு கம்பெனிகளை வைத்துக்கொள்வோம். முதல் கம்பெனிக்கு ஒரே வீரர், அவர் ஜெயித்துவிட்டார்: 100 புள்ளி. இரண்டாவது கம்பெனிக்கு 12 வீரர்கள். அவர்களில் ஒருவர்கூட முதல் ஏழு இடத்துக்குள் வரவில்லை. 8-ஆவது இடத்திலிருந்து 19-ஆவது இடம்வரை வரிசையாக வந்தார்கள். அவர்கள் புள்ளிகளைக் கூட்டினால் 241. மேடையேறாத கம்பெனி, தங்கம் வென்ற கம்பெனியைவிட இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக மேலே நிற்கிறது. பட்டியல் பொய் சொல்லவில்லை. ஆனால் அது எண்ணுவது ஸ்கீயின் வேகத்தை மட்டுமல்ல, அந்தக் கம்பெனி எத்தனை பேருக்கு ஸ்கீ கொடுத்திருக்கிறது என்பதையும்தான். எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் "எத்தனை பேர்?" என்று நான் முதலில் கேட்பது இதனால்தான்.

இந்த இடத்தில் எனக்கு ஸ்டோக்லியை மறக்க முடியாது. சுவிட்சர்லாந்தின் சிறிய கம்பெனி. பெரிய கம்பெனிகளைப் போல உலகம் முழுக்க வீரர்களை ஒப்பந்தம் செய்ய வசதியில்லை. ஆனால் 2012-13 பருவத்தில் ஸ்லோவேனியாவின் டீனா மாஸே அதன் ஸ்கீயில்தான் 2,414 புள்ளிகள் எடுத்தார். ஒரே பருவத்தில் அதுவரை யாரும் எட்டாத எண்ணிக்கை அது. பின்னர் சுவிட்சர்லாந்தின் மார்கோ ஓடர்மட் அதே ஸ்கீயில் வந்தார். 2022 தொடங்கி 2025 வரை நான்கு பருவங்கள் தொடர்ந்து ஆண்கள் ஒட்டுமொத்தக் கோப்பை, அதாவது எல்லா வகைப் பந்தயப் புள்ளிகளையும் கூட்டிப் பார்த்துத் தரும் கோப்பை, அவருக்கே. 2022-23 பருவத்தில் மட்டும் 2,042 புள்ளிகள். ஆஸ்திரியாவின் ஹெர்மன் மையர் 1999-2000 பருவத்தில் எடுத்த 2,000-ஐ அது தாண்டியது. அடுத்த பருவத்தில் பத்து ஜயன்ட் ஸ்லாலம் பந்தயங்களில் ஒன்பதை வென்றார். கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தால் இந்தக் கம்பெனியின் உயரம் தெரியவே தெரியாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவின் மிகேலா ஷிஃப்ரின் சிறு வயதிலிருந்தே ஆஸ்திரியாவின் அடாமிக் ஸ்கீயில் ஓடுகிறவர். 2022-23 பருவத்தில் 2,206 புள்ளிகள் எடுத்தார். 2024 நவம்பர் கடைசியில் கில்லிங்டன் பந்தயத்தில் விழுந்து வயிற்றில் காயம்பட்டு இரண்டு மாதம் ஓடவில்லை. அந்த இரண்டு மாதமும் அவரிடமிருந்து அடாமிக்குக்கு வர வேண்டிய புள்ளி வரவில்லை. ஸ்கீ மோசமாகிவிட்டதா? தொழிற்சாலையில் ஏதாவது மாறிவிட்டதா? ஒன்றும் இல்லை. திரும்பி வந்து 2025 பிப்ரவரியில் இத்தாலியின் செஸ்ட்ரியரேயில் தன் 100-ஆவது உலகக் கோப்பை வெற்றியைப் பெற்றார். அதே கம்பெனி ஸ்கீதான்.

பழைய காலத்துக்குப் போனால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஸ்வீடனின் இங்கெமார் ஸ்டென்மார்க் 86 உலகக் கோப்பைப் பந்தயங்களை வென்றவர். அந்தச் சாதனை 2023 மார்ச் வரை நின்றது, முறியடித்தவர் ஷிஃப்ரின். ஸ்டென்மார்க் ஓடியது எலான் ஸ்கீயில். அன்றைய யூகோஸ்லாவியாவில், இன்றைய ஸ்லோவேனியாவில், பேகுன்யே என்ற சிற்றூரில் இருக்கும் கம்பெனி. ஸ்டென்மார்க் 1989-இல் ஓய்வு பெற்றார். இன்று உலகக் கோப்பை மேடையில் எலான் பெயரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஒரு மனிதர் தன் காலில் ஒரு கம்பெனியையே தூக்கிச் சுமந்திருக்கிறார்.

மற்ற பெரிய பெயர்களை வேகமாகப் பார்த்துவிடுவோம். ஹெட் என்பது அமெரிக்காவில் ஹோவர்ட் ஹெட் என்ற விமானப் பொறியாளர் 1950-இல் தொடங்கியது; முழு மரத்துக்குப் பதிலாக உலோகத் தகடு வைத்த ஸ்கீயைப் பரவலாக்கியவர் அவர். இன்று அது ஆஸ்திரியாவிலிருந்து இயங்குகிறது. டவுன்ஹில், சூப்பர் ஜி என்ற வேகப் பந்தயங்களில் அதன் கை ஓங்கியிருக்கிறது: பெய்ஜிங் 2022 ஒலிம்பிக் டவுன்ஹில்லை வென்ற பியாட் ஃபாய்ட்ஸ், 2025 டவுன்ஹில் உலக சாம்பியன் ஃபிரான்யோ ஃபான் ஆல்மன் இருவரும் ஹெட் ஸ்கீயில் ஓடியவர்கள். பிரான்சின் ரோசிஞோல் 1907-இல் பிறந்த பழைய கம்பெனி. இத்தாலியின் ஆல்பர்டோ டோம்பா ஓடியது அதில், 2025-இல் பெண்கள் ஒட்டுமொத்தக் கோப்பையை வென்ற ஃபெடரிகா பிரிஞ்ஞோனே ஓடியதும் அதில். ஆஸ்திரியாவின் ஃபிஷர், 1976 இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக்கில் ஃபிரான்ஸ் க்ளாமர் உயிரைப் பணயம் வைத்து இறங்கிய அந்த டவுன்ஹில்லோடு சேர்ந்தே நினைவுக்கு வரும். இத்தாலிய நார்டிகா என்றால் டொமினிக் பாரிஸ் என்ற வீரர். பட்டியலில் தனித்தனியாக வரும் சில பெயர்களுக்குப் பின்னால் முதலாளி ஒருவரே என்பதையும் கவனிக்க வேண்டும்: அடாமிக்கும் சாலமனும் ஒரே குழுமம், ரோசிஞோலும் டைனாஸ்டாரும் ஒரே குழுமம்.

அப்படியானால் ஸ்கீயின் பங்கை எப்படித்தான் பிரித்துப் பார்ப்பது? எனக்குத் தெரிந்து மிகவும் நேர்மையான வழி ஒன்று இருக்கிறது: அதே வீரர் கம்பெனி மாறும்போது என்ன ஆகிறது என்று பார்ப்பது. அதே டிரைவர், அதே ரோடு, டயர் மட்டும் வேறு.

அமெரிக்காவின் லிண்ட்சே வான் 2008, 2009 ஆண்டுகளில் ரோசிஞோல் ஸ்கீயில் ஒட்டுமொத்தக் கோப்பையை வென்றார். அப்புறம் ஹெட்டுக்கு மாறினார். 2010-லும் கோப்பை அவருக்கே, வான்கூவர் ஒலிம்பிக் டவுன்ஹில் தங்கமும் அவருக்கே. இன்னொரு அமெரிக்கர் போடி மில்லர் 2005-இல் அடாமிக்கிலும் 2008-இல் ஹெட்டிலும் கோப்பையை வென்றார். இந்த இருவரையும் பார்த்தால் முதல் தர கம்பெனிகளுக்கு இடையே இடைவெளி மெல்லியது, வீரரின் பங்கு பெரியது என்று தோன்றும்.

இன்னும் சுவாரசியமானது ஆஸ்திரியாவின் மார்செல் ஹிர்ஷரின் கதை. அடாமிக் ஸ்கீயில் 2012 தொடங்கி 2019 வரை தொடர்ந்து எட்டு ஒட்டுமொத்தக் கோப்பைகள். ஓய்வுக்குப் பிறகு அவரே வான் டீர் என்று ஒரு ஸ்கீ கம்பெனியைத் தொடங்கினார். ஹிர்ஷ் என்றால் ஜெர்மன் மொழியில் மான். அந்தப் பெயர்தான் ஆங்கிலத்தில் உருமாறியிருக்கிறது. ரோசிஞோலில் பல வருஷம் இருந்த நார்வேயின் ஹென்ரிக் கிறிஸ்டோஃபர்சன் 2022-இல் இந்தப் புது கம்பெனிக்கு மாறினார். நூறு வருஷப் பழமையான பெயரை விட்டுவிட்டு நேற்று முளைத்த கம்பெனிக்கா என்று யாருக்கும் தோன்றும். 2023 பிப்ரவரியில் பிரான்சின் கூர்ஷவெல்லில் ஸ்லாலம் உலக சாம்பியன் அவர்தான். ஒரு சிறிய பட்டறை, நல்ல ஸ்கீயைக் கட்டத் தெரிந்த சில கைகள், சொன்னதைக் கேட்டு உடனே மாற்றித் தரும் வேகம் — இவை இருந்தால் பெரிய கம்பெனிக்கு ஈடுகொடுக்க முடியும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது அன்றுதான்.

பட்டறை என்றதும் அக்கா மகனுக்கு செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை நினைவுக்கு வந்தது. சரியான இடத்தைத்தான் பிடித்தான். கடையில் வரிசையாகத் தொங்கும் கொலுசு வேறு, ஒரு காலுக்கு அளவெடுத்து ஆர்டர் கொடுத்துச் செய்வது வேறு. உலகக் கோப்பை வீரரின் ஸ்கீ ஆர்டர் கொலுசு. கடையில் அதே பெயரில், அதே நிறத்தில் விற்கும் ஸ்கீயைவிட விறைப்பானது. சாதாரண ஆள் அதில் திரும்பவே திணறுவார். ஆகவே உலகக் கோப்பையில் எந்தக் கம்பெனி ஜெயிக்கிறது என்பதை வைத்துக் கடையில் ஸ்கீ வாங்கினால் ஏமாந்துபோவோம். நம் நாட்டில் குல்மார்க் போய்ச் சறுக்கிப் பழக நினைக்கிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்.

இன்னொன்று, ஒரே அச்சில் ஒரே நாளில் செய்த இரண்டு ஜோடிகளில்கூட ஒன்று வேகமாகவும் ஒன்று மந்தமாகவும் வந்துவிடும். அதனால் வேகப் பந்தய வீரர்களுக்குப் பல பத்து ஜோடிகள் இருக்கும். ஒவ்வொன்றையும் பனியில் ஓட்டி நேரம் பார்த்து வைப்பார்கள். நன்றாக ஓடும் ஜோடியைப் பல வருஷம் பத்திரப்படுத்தி, பெரிய பந்தயத்துக்கு மட்டும் வெளியே எடுப்பார்கள்.

அதைப் பத்திரப்படுத்துகிறவர் சர்வீஸ்மேன். முன்னணி வீரர் ஒவ்வொருவருக்கும் கம்பெனி அனுப்பும் ஆள் இவர். என் மனதில் இந்த விளையாட்டின் மிகப் பெரிய மனிதர்கள் இவர்கள்தான். டிவியில் முகம்கூடத் தெரியாது. விடிய விடிய ஒரு சிறிய அறையில் நின்று எஃகு விளிம்பைச் சாணை பிடிப்பார்கள். விளிம்பு 90 டிகிரியில் இருக்காது. 87 டிகிரி போல இன்னும் கூர்மையாக இருக்கும். பந்தயப் பாதையில் தண்ணீர் பாய்ச்சி உறைய வைத்திருப்பார்கள். பனி என்று சொன்னாலும் அது கண்ணாடிபோன்ற ஐஸ். அதில் பிடிமானம் கொடுப்பது இந்தக் கூர்மைதான். அடிப்பரப்பில் மெல்லிய கோடுகள் இழைத்திருப்பார்கள். உராய்வில் உருகும் நீர் ஒட்டிக்கொண்டு இழுக்காமல் அதன் வழியே வெளியேற வேண்டும். மழை ரோட்டில் டயரின் பள்ளங்கள் செய்கிற அதே வேலை. ஈரப்பனிக்குக் கோடு ஆழமாக, குளிர்ந்த காய்ந்த பனிக்கு மெல்லியதாக. அதன் மேல் அன்றைய வெப்பநிலைக்கு ஏற்ற மெழுகு. மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் நூறில் ஒரு நொடி என்பது 36 சென்டிமீட்டர். பந்தயங்கள் அந்த இடைவெளியில் முடிவாகின்றன. இந்தக் கைவேலையை கம்பெனியின் கணக்கில் சேர்ப்பதா, தனி மனிதரின் கணக்கில் சேர்ப்பதா? இரண்டிலும் சேர்க்கலாம் என்பேன்.

மெழுகிலும் ஒரு மாற்றம் வந்தது. ஃபுளோரின் கலந்த மெழுகு மிக வேகமானது, ஆனால் அந்த ரசாயனம் மண்ணிலும் உடம்பிலும் தங்கிவிடும். 2023-24 பருவத்திலிருந்து அதற்குத் தடை. தடை வந்த பிறகு நடந்த முதல் உலகக் கோப்பைப் பந்தயத்திலேயே, ஆஸ்திரியாவின் ஸோல்டனில் 6-ஆவதாக வந்த நார்வேயின் ராங்ஹில்ட் மோவிங்கல் சோதனையில் சிக்கித் தகுதி இழந்தார். நல்ல தடை என்றே நினைக்கிறேன். பணம் அதிகம் உள்ள அணிக்கு மெழுகில் கிடைத்த சாதகம் இதனால் குறைந்தது.

அப்புறம் கிளம்பும் வரிசை. முதலில் கிளம்புகிறவர்களுக்குப் பாதை வழவழப்பாக இருக்கும். போகப் போக ஒவ்வொரு வளைவிலும் பள்ளம் விழுந்துவிடும். ரேங்க் குறைந்தவர்கள் அந்தப் பள்ளத்தில்தான் ஓட வேண்டும். ஒரு கம்பெனியின் வீரர்கள் எல்லாம் இளைஞர்களாக, 40-ஆவது, 50-ஆவது ஆளாகக் கிளம்புகிறவர்களாக இருந்தால் அவர்கள் புள்ளியைப் பார்த்து ஸ்கீயை எடைபோடுவது அநியாயம்.

இதற்குள் பஸ் 20-ஆவது வளைவைத் தாண்டிவிட்டது. ஏரிக்கரையில் டீ குடிக்கும்போது அக்கா மகன் என்னிடம் பேனா வாங்கி, பஸ் டிக்கெட்டின் பின்னால் கட்டம் போட ஆரம்பித்தான். அடுத்த பருவத்தின் முதல் பந்தயம் வழக்கம்போல அக்டோபர் கடைசியில் ஸோல்டன் பனிப்பாறையில். அதற்காக இப்போதே தயாராகிறான். வீரர் பெயர், கம்பெனி, எத்தனையாவதாகக் கிளம்பினார், எத்தனையாவதாக வந்தார் என்று நான்கு கட்டம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்தாவதாக ஒன்று போட்டு, அதற்கு மேல் நெருக்கி எழுதினான்: "போன வருஷம் எந்த ஸ்கீ?"